மூன்றாவது ஓலை

எங்கள் ஆம்பூர் ஆட்டுத்தோலுக்கு அமெரிக்காவில் ஏகப்பட்ட மரியாதை. ஆவாரம் பட்டைத் தண்ணீரில் ஊறி, காய்ந்து, கட்டாகக் கட்டப்பட்டு, தகர அச்சு வைத்து நான் கறுப்பு மையால் முகவரி தீற்றியதும், அது நேராக மெட்ராஸுக்குப் போய்க் கப்பலேறிவிடும். நீ யார், எதற்கு வருகிறாய், திரும்பிப் போவாயா என்று அதை ஒருவரும் கேட்பதில்லை. தோலுக்குள் ஓர் உயிரும் இருந்துவிட்டால்தான் அந்த தேசத்தாருக்குச் சங்கடம்.

இந்த ஞானம் எனக்கு 1926-ம் வருஷம் ஜெயபுஷ்பத்தால் வந்தது.

நான் கிருபானந்தம். மக்பூல் அகமது சாயபுவின் தோல் பதனிடும் டேனரியில் கப்பல் கிளார்க்கு. அதுவரை கப்பலைக் கண்ணால் பார்த்தது கிடையாது என்றாலும் பதவிக்கு அப்படித்தான் பெயர். அப்போது வயது முப்பத்திரண்டு. நெற்றி, உச்சந்தலை வரை தன் எல்லையை விரித்துக்கொண்டிருந்தது. பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் காபி நன்றாக இருந்தது என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஜெயபுஷ்பம் எங்களுக்கு அடுத்த வீடு. தகப்பனார் காலமாகி வெகுநாள். தாயார் பொன்மலரம்மாள் டிஸ்பென்சரியில் நர்ஸ். சுண்ணாம்புத் தொட்டியில் கை வெந்தவன், கத்தியில் விரல் கீறியவன் எல்லாம் அந்த அம்மாவிடம்தான் கட்டுப் போட்டுக்கொள்ளப் போவான். பெண் மெட்ராஸில் ரசாயனம் படித்து பி.ஏ. தேறினாள். எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் வருஷத்துக்கு வருஷம் கரிக்கிறது என்று ஊரே புலம்பும். அவள் ஒருத்திதான் அதைப் புட்டியில் பிடித்து அடைத்து வைத்து, வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துப் பார்த்து எங்கெங்கோ எழுதிப் போட்டதில், அமெரிக்காவில் ஒரு யூனிவர்சிட்டி அவளுக்கு இடம் கொடுத்தது. படிப்புச் சம்பளம் கட்ட வேண்டாம், செப்டம்பரில் வந்து சேர்ந்தால் போதும் என்று எழுதியிருந்தார்கள். அதற்கு ஜூலைக் கடைசியில் கப்பலேற வேண்டும். தவறினால் இடம் வேறொருவருக்கு.

ஊர் உடனே பாராட்டு விழா நடத்தியது. யாராவது எங்காவது போகிறார்கள் என்றால் போதும், எங்கள் பெரிய மனிதர்கள் மாலையோடு வந்துவிடுவார்கள்; போக உதவுங்கள் என்றால்தான் அவர்களுக்கு வேறு ஜோலி வந்துவிடும். ஒரு வக்கீல் அமெரிக்க சுதந்திரத்தைப் பற்றி விளக்குக்கு எண்ணெய் தீரும் வரைக்கும் பேசினார். அவர் அரக்கோணத்துக்கு அப்பால் போனதில்லை. மாலை வாடிப்போயிற்று. அமெரிக்காவுக்குள் போக அனுமதி வந்தபாடில்லை.

அனுமதி கொடுக்கும் ஆபீஸ் மெட்ராஸில் இருந்தது. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கும் ஒரு மனு கேட்பார்கள். உள்ளே அமெரிக்கத் துரை. வெளியே தலைமைக் குமாஸ்தா பஞ்சாட்சரம். துரையின் சட்டத்தைத் துரையைவிட பக்தியாகக் கும்பிட்டவர் இவர்தான். சாயங்காலம் டிராம் ஏறி மயிலாப்பூருக்குப் போகிற மனுஷன், வாயைத் திறந்தால் "எங்க தேசத்துல" என்பார்.

முதல் தடவை போனபோது கண்ணில் நோய் இல்லை என்று டாக்டர் எழுதித் தர வேண்டும் என்றார். வாங்கிப் போனோம். அடுத்த தடவை அந்த டாக்டர் போதாது, வேறு டாக்டர் என்றார். அதையும் வாங்கிப் போனோம். பொன்மலரம்மாளும் ஜெயபுஷ்பமும் பெஞ்சில் உட்கார, துணைக்குப் போன நான் கையில் குடையோடு குடை மாதிரியே நின்றேன்.

"எங்க தேசத்துல சட்டம் மாறிப்போச்சும்மா," என்றார் பஞ்சாட்சரம். "ஆசியாக்காரங்க யாரும் இனிமே வந்து குடியேற முடியாது. படிக்கிறவங்களை மட்டும் விடுவோம். அதுவும் திரும்பிப் போவாங்கன்னு எங்களுக்கு நம்பிக்கை வரணும்."

"திரும்பி வந்துடுவேங்க," என்றாள் ஜெயபுஷ்பம்.

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. இங்க உனக்குப் பிடிப்பு என்ன இருக்கு? நிலம்?"

"இல்லீங்க."

"வீடு?"

"வாடகை வீடுங்க."

"பின்னே?"

"அம்மா இருக்காங்க."

"அம்மாவை நாங்க பிடிப்புன்னு ஒத்துக்கறதில்லை. அம்மாவை விட்டுட்டு வந்தவங்கதான் எங்க தேசம் பூரா நிறைஞ்சிருக்காங்க." இதைச் சொல்லும்போது பொன்மலரம்மாளின் முகத்தை அவர் பார்க்கவில்லை. சட்டம் படித்தவர்களுக்கு முகம் பார்க்க நேரம் ஏது. "புருஷன் இருந்தா நல்லது. இல்லேன்னா புருஷனா வரப்போறவன். சபை சர்ட்டிபிகேட்டோட காட்டினா, ஒரு ஆம்பிளை இங்க காத்துக்கிட்டு நிக்கிறான்னு துரைக்குத் திருப்தி வரும்."

பெற்றவள் பிடிப்பு இல்லையாம். எவனோ ஒருவன் மீசையோடு நின்றால் பிடிப்பாம். இப்படி ஒரு சட்டம் எழுத எத்தனை பேர் கூடி உட்கார்ந்திருப்பார்கள்?

திரும்பி வரும்போது, ரயில் காட்பாடி தாண்டியதும் ஜெயபுஷ்பம் கணக்கில் விடை கண்டவள் போல நிமிர்ந்தாள்.

"கிருபாண்ணே, உங்களுக்குக் கல்யாணம் எதுனா கூடி வர்ற மாதிரி இருக்கா?"

"எந்தப் பைத்தியக்காரி ஒத்துக்கிட்டா?"

"அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் ஓலை வாசிச்சுடலாமா?"

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் எல்லோர் முன்னிலும் வாசிப்பார். அதுதான் ஓலை.

"ஓலை வாசிச்சு, சர்ட்டிபிகேட் வாங்கிக் காட்டிட்டா நான் போய்டுவேன். கல்யாணம் பண்ண வேணாம். மூணு வருஷம் கழிச்சு இதை யாரு ஞாபகம் வச்சிருக்கப் போறாங்க? உங்களுக்குக் கஷ்டம்னா வேணாம்ணே."

பொன்மலரம்மாள் ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காதுக்கு அன்றைக்கு விடுமுறை.

நான் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கலாம். கொஞ்சம் கௌரவமாகவாவது இருந்திருக்கும். அவள் வாக்கியம் முடிவதற்குள் சரி என்றுவிட்டேன். "ஆனா ஒண்ணு," என்று ஒரு சிரிப்பை இழுத்துப் போட்டுக்கொண்டேன். "என் மூஞ்சியைப் பார்த்தா, இவ திரும்பி வருவான்னு துரை நம்புவாரா? அங்கேயே இருந்துடுவான்னுல்ல நினைப்பாரு."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஆம்பூர் வரை வைத்துக்கொண்டு வந்தேன். அவள் பாவாடை கட்டியிருந்த வயசிலிருந்து தெரியும் என்றாலும், காலேஜ் முடித்துப் பெட்டியோடு ரயிலைவிட்டு இறங்கிய அன்றைக்கு எனக்குள் ஏதோ இடம் மாறிப்போயிற்று. அதை நான் யாருக்கும் சொன்னதில்லை. இருக்கிற கேலி போதாதா?

முதல் ஓலை வாசித்த ஞாயிறு சபையே திரும்பி என்னைப் பார்த்தது. பாவம் பெண், தகப்பன் இல்லாத குடும்பம், என்ன செய்வார்கள் என்று எனக்குக் கேட்கிற மாதிரியே அனுதாபப்பட்டார்கள். மறுநாள் டேனரியில் சாயபு என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷர், விஷயம் எல்லாம் அவருக்கு முன்னமே சொல்லியிருந்தோம்.

"அரே கிளார்க், இத்தினி நாளா கட்டு மேல நீ மார்க் போட்டே. இப்ப உன்னையே அந்தப் பொண்ணு மேல மார்க்கா குத்திட்டாங்களா?"

"துரை கேக்கறாருங்க முதலாளி."

"நம்ம தோலுக்கு எவனும் இத்தினி பேஜார் பண்ணலியே," என்றார் அவர். "தோலை வாங்கிக்கிறான். அந்தத் தோல் ஊர்லேர்ந்து படிக்க வர்றவளை வாணாங்கிறான். இன்னா மாதிரி வியாபாரி இவன்?"

எனக்கு மட்டும் அந்த வாரத்தில் ஒரு லாபம். ஓலை வாசித்த பிறகு ஜெயபுஷ்பம் என்னை அண்ணே என்று கூப்பிட முடியாது. நாலு பேர் காதில் விழுந்தால் சபையில் வழக்காகிவிடும். வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. "இந்தாங்க", "இங்க பாருங்க" என்று ஒப்பேற்றினாள். அந்த 'இந்தாங்க'வுக்காகவே நான் தேவையில்லாமல் அவர்கள் வாசல் வழியாகப் போய்வந்தேன்.

இரண்டாவது ஓலையும் வாசித்தாயிற்று. மறுநாளே போதகர் எழுதிக் கொடுத்த சர்ட்டிபிகேட்டோடு மெட்ராஸ் போனோம். பஞ்சாட்சரம் அதை ஈரக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இது இப்போ செல்லாதே."

"நீங்கதானே சொன்னீங்க?" என்றேன்.

"போன மாசம் சொன்னது போன மாசச் சட்டம். புது சர்க்குலர் வந்திருக்கு. நிச்சயமான பொண்ணுன்னா அவளுக்குப் படிப்பு மட்டுமே நோக்கம்னு எப்படிச் சொல்றது? பின்னாலயே மாப்பிள்ளையும் வந்து இறங்கிடுவான்." என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். "இந்த ஆள் வந்து இறங்கினா எங்க தேசம் என்னத்துக்கு ஆகும்?"

அமெரிக்கா என்னைக் கண்டு பயப்படும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. சற்று நிமிர்ந்து நின்றுகொண்டேன்.

"இப்ப இன்னா செய்யணுங்க?" என்றாள் ஜெயபுஷ்பம். கையில் இருந்த கைக்குட்டை முறுக்கிய கயிறாகியிருந்தது.

"சம்பந்தம் முறிஞ்சுபோச்சுன்னு சபையிலேர்ந்து எழுதி வாங்கிட்டு வா. அடுத்த திங்கட்கிழமைக்குள்ள. அப்புறம் துரை மலைக்குப் போய்டுவார்."

கப்பல் அந்த வாரக் கடைசியில். துரைக்கு வெயில் ஆகாதென்றால் ஒரு பெண்ணின் படிப்பும் மலையேறிவிட வேண்டியதுதான்.

போதகரிடம் ஓடினோம். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"ஓலை இன்னா தபால் கார்டா, போட்டுட்டுத் திருப்பி வாங்கறதுக்கு? ரெண்டு வாசிச்சாச்சு. நிறுத்தணும்னா சபைக்குக் காரணம் சொல்லணும். பொண்ணு மேல காரணமா, மாப்பிள்ளை மேலயா?"

எங்கள் சபை எனக்குத் தெரியும். பெண் மேல் காரணம் என்றால் அதை அவள் பேத்தியின் ஓலை வரைக்கும் பூச்சி அரிக்காமல் பாதுகாப்பார்கள். காரணமே இல்லை என்றால் கூடை கூடையாகத் தயாரிப்பார்கள். ஆகவே என் மேல்தான்.

"ஞாயித்துக்கிழமை சொல்றேன் ஐயா," என்றேன். வெளியே வந்ததும் ஜெயபுஷ்பம், "இன்னா சொல்லப் போறீங்க?" என்றாள். "நான் பார்த்துக்கறேன்" என்றதோடு நிறுத்திக்கொண்டேன். எனக்கே தெரிந்தால்தானே சொல்ல.

அன்றிரவு என் பாவங்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை. முதல் மனைவி இருக்கிறாள் என்றால் சபை சிரிக்கும். ஒருத்தியே கிடைக்காதவனுக்கு இரண்டாவதா என்பார்கள். திருட்டு என்றால் வேலை போகும். மிஞ்சியது குடி. எங்கள் சபையில் குடித்தவனைத் திருவிருந்திலிருந்து ஒரு வருஷம் தள்ளிவைப்பார்கள். அந்த வருஷத்தில் அவனுக்குச் சபையில் கல்யாணம் நடக்காது. அசைக்க முடியாத தடை. ஒரே குறை, நான் குடித்ததில்லை.

சனிக்கிழமை பட்டப்பகலில் குடியாத்தம் ரோட்டில் இருந்த பனந்தோப்புக்குப் போனேன். கள்ளுக்கடை எல்லம்மாளுடையது. அவள் என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள்.

"இன்னா கிளார்க்கு, வழி தவறிட்டியா?"

"இல்ல. ஒரு மொந்தை குடு. எல்லாரும் பார்க்கற இடமா உட்காரணும்."

"பார்க்காத இடம் கேட்டுத்தான் எல்லாம் வருவாங்க," என்று சொல்லிக்கொண்டே ஊற்றினாள்.

பார்ப்பதற்குச் சபையார் மூன்று பேர் இருந்தார்கள். பாட்டுக்குழுவின் தடித்த குரல்காரர் ஒருவர். பிள்ளைகளுக்குக் குடியின் கேட்டைக் கதை கதையாகச் சொல்லும் ஞாயிறு பள்ளி வாத்தியார் ஒருவர். மூன்றாமவர் சபை மூப்பர் ஏசுவடியான். என்னைக் கண்டதும் மூவரும் ஆளுக்கொரு பனைமரத்துக்குப் பின்னால் போனார்கள். மூப்பரின் உடம்புக்கு இரண்டு பனையாவது வேண்டும். தொப்பை இந்தப் பக்கமும் மொந்தை அந்தப் பக்கமும் தெரிய அவர் நின்றார். நான் எழுந்து போய், "ஸ்தோத்திரம் மூப்பரே" என்றேன். அவர் மரத்துக்குப் பதில் சொன்னார்.

குடித்த கதையைச் சுருக்குகிறேன். முதல் மடக்கு மூக்கு வழியாக வந்தது. இரண்டாவது மடக்கு உள்ளே போகவே மறுத்தது. மீதியைச் சட்டை மேல் ஊற்றிக்கொண்டேன்.

"வாயில ஊத்துய்யா," என்றாள் எல்லம்மாள். "சட்டைக்கு இன்னாத்துக்கு? அதுக்கு இன்னா துக்கம்?"

மறுநாள் அதே சட்டையோடு கோயிலுக்குப் போனேன். போதகர் மூன்றாவது ஓலையை எடுத்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று வாசித்து முடிப்பதற்குள் எழுந்து நின்றேன்.

"தடை இருக்கு ஐயா."

"நீயே மாப்பிள்ளையாச்சே?"

"அதனாலதான் எனக்கு நல்லாத் தெரியும். இந்த மாப்பிள்ளை குடிகாரன். நேத்துகூடக் குடிச்சான்."

போதகர் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்று மூச்சை இழுத்தார். ஆம்பூர்க்காரர்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. பிறந்தது முதல் தோல் வாடையிலேயே இருப்பதால், எங்கள் மூக்குகள் சாட்சிக்கு லாயக்கில்லை.

"எனக்கு டேனரி வாசனைதான் வருது," என்றார். "கிருபானந்தம், உன்னை எனக்குச் சின்ன வயசிலேர்ந்து தெரியும். சாட்சி இல்லாம இதை நான் எழுத மாட்டேன். பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா?"

மூன்று பேர் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை இறக்கினார்கள். ஞாயிறு பள்ளி வாத்தியார் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். பார்த்தேன் என்று சொன்னால் எங்கிருந்து பார்த்தாய் என்று வரும். இப்படித்தான் எங்கள் ஊரில் யோக்கியம் காப்பாற்றப்படுகிறது.

பெண்கள் பக்கத்திலிருந்து ஜெயபுஷ்பம் எழுந்தாள். முகம் சிவந்து கிடந்தது.

"ஐயா, இது பொய். அவரு—"

இன்னும் ஒரு வார்த்தை பேசினாள் என்றால் கப்பல் போய்விடும். பொன்மலரம்மாள் அவள் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். புண்ணுக்குக் கட்டுப் போட்ட கை; பிடித்தால் விடாது. மறு கையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் மூப்பரைப் பார்த்தேன். வேறொன்றும் செய்யவில்லை, சும்மா பார்த்தேன். பிறகு, "ஐயா, நான் தனியாக் குடிக்கலை. கூட இருந்தவங்க பேரை வேணும்னா ஒவ்வொண்ணா—" என்று ஆரம்பித்தேன்.

மூப்பர் ஏசுவடியான் துள்ளி எழுந்தார். "நான் பார்த்தேன் ஐயா. ஜெபக்கூட்டத்துக்குப் போற வழியில, ரோட்டிலேர்ந்து பார்த்தேன். மகா கேவலமான காட்சி."

உடனே குரல்காரரும் ரோட்டிலிருந்து பார்த்திருந்தார். வாத்தியாரும் பார்த்திருந்தார். அந்த ரோட்டில் நேற்று அவ்வளவு போக்குவரத்து. மூன்று பேரும் சேர்ந்து என்னைத் திருத்துவதற்கு ஜெபம் ஏறெடுத்தார்கள், மூப்பர் அழுதேவிட்டார். ஒரு வருஷம் விலக்கு என்று தீர்ப்பாயிற்று. ஓலை நின்றது. சபைக்கு அப்படி ஒரு நல்ல ஞாயிறு வெகுநாளாக வாய்க்கவில்லை.

மறுநாள் மெட்ராஸில் நான் ஆபீஸுக்குள் போகவில்லை. முறிந்த சம்பந்தம் கூடவே வந்து நின்றால் நன்றாக இருக்காது. எதிரே புங்க மரத்தடியில் குடையோடு நின்றேன். வெற்றிலை போட வெளியே வந்த பஞ்சாட்சரம் நேராக என்னிடம் வந்தார்.

"நீதானே அந்தக் குடிகாரன்?"

"ஆமாங்க." இதற்குள் எனக்கே பழகிவிட்டது.

"வெட்கமா இல்லை? எங்க தேசத்துல மதுவிலக்கு, தெரியுமா? ஒரு சொட்டுக்கு ஜெயில். சம்பந்தம் ஏன் முறிஞ்சுதுன்னு துரை கேட்டார். மாப்பிள்ளை குடிச்சான்னு போதகர் எழுதியிருந்ததை நான் படிச்சுக் காட்டினேன். துரை எழுந்து நின்னுட்டார். குடிகாரனை உதறிட்டு வர்ற பொண்ணுதான் எங்க தேசத்துக்கு வேணும்னு சொல்லி, உடனே கையெழுத்துப் போட்டுட்டார்."

"கண்ணு டாக்டர் சர்ட்டிபிகேட்? பிடிப்பு?"

"அதெல்லாம் கேக்கவே இல்லை." அவர் வெற்றிலைச் சாற்றைத் துப்பினார், என் செருப்புக்குச் சற்றே தள்ளி. "இனிமேலாவது மனுஷனா இரு."

அத்தனை சர்க்குலர், அத்தனை சட்டம், அம்மா செல்லாது, மாப்பிள்ளை செல்லும், மாப்பிள்ளை செல்லாது. கடைசியில் ஒரு பெரிய தேசத்தின் கதவைத் திறந்தது எல்லம்மாள் கடையில் என் சட்டை குடித்த கள். இந்தப் புத்திசாலிகள்தான் உலகத்துக்கு யார் உள்ளே, யார் வெளியே என்று சொல்கிறார்கள்.

புதன்கிழமை ஆம்பூர் ஸ்டேஷனில் அவளுக்கு வழியனுப்பு. மெட்ராஸ் வரை தாயார் கூடப் போனார். பாராட்டு விழாவுக்கு வந்த பெரிய மனிதர்கள் ஒருவரையும் காணோம். குடிகாரனோடு ஓலை வாசித்த பெண்ணை வழியனுப்பி யார் பெயரைக் கெடுத்துக்கொள்வது? சாயபு மட்டும் வந்தார். "தண்ணி ஏன் கரிக்குதுன்னு படிச்சுட்டு வா, பேட்டீ," என்றார், சொந்த மகளைக் கூப்பிடுவது போல. "நம்ம டேனரிதான் காரணம்னா மொதல்ல என் காதுல சொல்லு. அப்பால ஊருக்குச் சொல்லலாம்."

அவள் தகரப் பெட்டியின் மேல் முந்தின நாளே நான் முகவரி எழுதிக் கொடுத்திருந்தேன். தோல் கட்டுக்குப் போடும் அதே அச்சு, அதே மை. அடியில் டேனரி முத்திரையையும் சேர்த்துக் குத்தியிருந்தேன். எதற்கு என்று கேட்டாள். "ஆட்டுத்தோல்னு நினைச்சு மரியாதையா விடுவாங்க," என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அதே வண்டியில் பின்னால் எங்கள் கட்டுகளையும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அவற்றை ஒன்றும் கேட்கவில்லை.

"ஒரு வருஷந்தானே விலக்கு?" என்றாள் ஜன்னலருகே.

"ஆமா. ஒரு வருஷம்."

"எனக்குப் படிப்பு மூணு வருஷம்."

இதற்கு ஒரு வேடிக்கையான பதில் இருந்திருக்க வேண்டும். எனக்கு எப்போதும் இருக்கும். குடையின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டு நின்றேன். வண்டி அசைந்தது. அவளுக்கு இனி ஓலை இல்லை, சபை இல்லை, யார் காதில் விழுந்தாலும் வழக்கு இல்லை. பழையபடி அண்ணே என்று கூப்பிடத் தடையே கிடையாது. நான் அதற்குத்தான் காதைத் தீட்டிக்கொண்டு, தயாராகச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

"வர்றேங்க," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அண்ணே என்று சொல்லவில்லை.